பதினேழாம் நம்பர் காத்தாடி

"கூட்டத்துல வாயைத் தொறக்க மாட்டுக்கான்" என்று
ஆவுடைக்கு ஐந்துக்கு இரண்டு போட்டார்
பணகுடி சைட் மேலாளர்.
எனக்கு நாலரை.

ஆடிக் காற்று கணவாயில் இறங்கிய மதியம்
எண்பது மீட்டர் உயரத்தில்
வள்ளியூர்க் கொடையில் நடந்த அடிதடியை
மூன்றாம் தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
அவன் கியர்பாக்ஸில் உள்ளங்கையை வைத்தான்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"நிப்பாட்டு."
கதையையா காத்தாடியையா
தெரியாமல் இரண்டையும் நிறுத்தினேன்.

பேரிங்கில் மயிரிழை விரிசல்.

கீழே வந்து எல்லோருக்கும் அதைச் சொன்னதும் நான்தான்,
கையை ஆட்டி ஆட்டி.
அவன் உடைமரத்தடியில் தூக்குவாளி திறந்து
சுண்டக்கறி தின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் ஆளில்லாத நேரம்
நானும் கை வைத்தேன், கண்ணை மூடி.
இரும்பு என்னவோ சொல்லத்தான் செய்தது.
எனக்குக் கேட்டதெல்லாம்
வள்ளியூர்க் கொடை.