அறுபத்தொன்பதாவது தட்டல்

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டால்
இருபது நிமிஷம் என்னுடையது.
ஸ்கூட்டியை அணைத்துவிட்டு
ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்:

இன்றைய முடிவு விலை
சிறியது
நேற்றைய முடிவு விலை பெருக்கல் 0.9.

அவ்வளவுதான்.
ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்ததெல்லாம்
வரிசையில் வந்து நிற்கட்டும்.

ராத்திரி ஓடவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்.
பாதிக்கு மேல் ஒன்றரை ரூபாய்ப் பங்குகள்,
பதினாறு பைசா சறுக்கினாலே உள்ளே வந்துவிடும்.
காசிமேட்டில் வலையை உதறினால்
முதலில் கொட்டுகிற காரப்பொடி மாதிரி.
கண்ணியைப் பெரிசாக்கினேன்.

விலை ஐம்பதுக்கு மேல்.
இன்று கைமாறிய எண்ணிக்கை
இருபது நாள் சராசரியைப்போல் மூன்று மடங்கு.
விழுந்தால் மட்டும் போதாது,
விழுவதைப் பார்க்கக் கூட்டமும் கூடியிருக்க வேண்டும்.

இப்போது ஏழு.
ஒன்று மணலிப் பக்கத்து ரசாயனக் கம்பெனி.
அதன் வாடை தினமும் என் ஜன்னலுக்கு வரும்,
பங்கு விழுந்த அன்றும் வந்தது, அதே நேரத்துக்கு.

இன்னொன்று எண்பது சதவீதம் விழுந்திருந்தது.
கை சில்லிட்டது.
விசாரித்தால், விழவே இல்லை.
ஒரு பங்கை ஐந்தாக உடைத்திருக்கிறார்கள்.
ஆயிரம் இருநூறானது, கையில் இருந்த ஒன்று ஐந்தானது,
யாருக்கும் நஷ்டமில்லை.
ஃபார்முலாவுக்கு அது எப்படித் தெரியும்?
பழைய விலையையும் ஐந்தால் வகுக்கச் சொல்லி
ஒரு வரி சேர்த்தேன்.

எங்கள் தண்டையார்பேட்டை வீட்டையும்
அண்ணன்கள் ஐந்தாகத்தான் உடைத்தார்கள்.
எனக்கு வந்தது மாடிப்படிக்குக் கீழே, தண்ணி மோட்டார் பக்கம்.
பழைய கணக்கை யாரும் திருத்தவில்லை.
போகட்டும், இது பங்கைப் பற்றிய கவிதை.

பர்னபாஸ் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான்,
என் பில்லிங் கூண்டுக்கு எதிரே.
இந்தப் பைத்தியத்தை ஆரம்பித்துவைத்தவனே அவன்தான்.
"வுயுந்தா எயுந்துதான் ஆவணும்க்கா,
எது வுயுந்துச்சுன்னு நீ மட்டும் காட்டு."

மாசியில் இரண்டு டீ சொல்வான், காசும் அவனே.
பங்குனியில் இரண்டு டீ சொல்வான், காசு நான்.
அப்புறம் ஒன்று சொல்லி இரண்டு கிளாஸ் கேட்டான்.
வைகாசியில், "டீ வாணாம்க்கா, வவுறு சரியில்ல."
ஆப்ஷனில் எவ்வளவு போனது,
மோதிரம் எந்த சேட்டுக் கடையில் இருக்கிறது,
எதுவும் சொல்லவில்லை.
நான் பார்த்த எந்த நாளும்
முந்தைய நாளைவிடக்
கொஞ்சம்தான் குறைவாக இருந்தான்.

நாளுக்கு ஒரே ஒரு சதவீதம்.
நேற்று கால்குலேட்டரில் 0.99ஆல்
பெருக்கிக்கொண்டே போனேன்.
அறுபத்தொன்பதாவது தட்டலில்
பாதிக்குக் கீழே இறங்குகிறது.
என் பத்து சதவீதத்தில்
ஒருநாள்கூடச் சிக்காமல்.

இன்று நிலக்கரி ரயில். வேகன் முடிகிறபாடில்லை.
பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக:

இன்றைய முடிவு விலை
சிறியது

அங்கேயே பேனா நின்றது.
எழுபது நாளைக்கு முன்னால்
அவன் எந்தப் பையில் கைவிட்டு நோட்டை எடுத்தான்,
எத்தனை பல் தெரியச் சிரித்தான்,
எதிரேதான் இருந்தேன், பார்த்தேன்,
எங்கும் குறித்துவைக்கவில்லை.

கேட் தூக்கியது தெரியவில்லை.
பின்னால் ஷேர் ஆட்டோக்காரன் ஹாரனைவிட்டுக் கையெடுக்காமல்,
"இன்னாமா, எய்தினது போதும்,
வண்டிய எடு."