இருபத்து மூன்று

காலை ஏழு நாற்பது. வண்டி நிறுத்துமிடமெங்கும்
உப்பைத் தூவியதுபோல் உறைபனி.
அட்டையும் பென்சிலுமாய்ப் படிக்கட்டருகே நிற்கிறேன்.
எனக்கு அறுபத்தெட்டு. இந்தக் கூட்டத்தில் நான்தான் சின்னவள்,
அதனால் தலை எண்ணும் வேலை என்னுடையது.

மூக்கில் குழாயும் தோளில் ஆக்சிஜன் உருளையுமாய் ஐயோனி.
அண்ணன் தம்பி ஸ்கோகன்கள், பேசிக்கொண்டு ஆறு வருடமாகிறது,
எப்போதும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.
டெல்பர்ட்: "வழியில் கழிவறை உண்டா?" கேட்பது நான்காம் முறை.
மார்வெல் ஷ்ரைபர், எண்பத்து மூன்று,
கைத்தடியை முதலில் ஏற்றிவிட்டு
பின்னால் தன்னை ஏற்றினாள்.
இருபத்து மூன்று. சரி. கதவு மூடியது.

விஸ்கான்சின் சாலை நெடுக மேப்பிள் மரங்கள் பற்றி எரிந்தன.
பார்த்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்?
ஊர் எல்லை தாண்டுமுன் பாதிப் பேர் உறங்கிவிட்டார்கள்,
மீதிப் பேர் மாத்திரைப் பெட்டியில்
வியாழக்கிழமையைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

திருவிழாவில் எல்லாமே கிரான்பெர்ரி.
பாலாடைக்கட்டியில், கடுகுக் குழம்பில், சோப்பில்கூட.
டெல்பர்ட் சோப்பை முகர்ந்து கடிக்கப் போனார். தடுத்தேன்.
கூடாரத்தில் அக்கார்டியன் மூச்சிரைத்தது.
பழைய மரப்பெட்டி ஒன்றைக் காட்டினார்கள்:
நல்ல பழம் துள்ளிப் பலகையைத் தாண்டும்,
கெட்டது துள்ளாமல் கீழே உருளும்.
"எனக்கு இடுப்பெலும்பு மாற்றியாயிற்று," என்றார் டெல்பர்ட்,
"என்னை எந்தப் பக்கம் போடுவாய்?"
பெண் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு வயல்.
தொடையளவு நீர், அதன்மேல் பழங்கள் நெருங்கி நெருங்கி
நீரே தெரியாத சிவப்பு.
"ரப்பர் காலுடை இருக்கிறது, யாராவது இறங்குகிறீர்களா?"
பேச்சுக்குக் கேட்டான் அந்தப் பையன்.
மார்வெல் கையைத் தூக்கினாள்.

முடியாது என்றேன். படிவம் என்றேன்.
ஃபீனிக்ஸில் இருக்கும் மகள் என்றேன்.
அதற்குள் அவள் செருப்பைக் கழற்றியிருந்தாள்.

இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள்.
நீர் இடுப்புக்கு வந்ததும்
கைத்தடியை என்னிடம் நீட்டினாள்.
பிடித்திரு என்பதுபோல் அல்ல,
வைத்துக்கொள் என்பதுபோல்.

நாலாபுறமும் தண்ணீர் அவளைப் பிடித்துக்கொண்டது.
சாய இடம் தேடாமல் நின்றாள்.
ஒரு அடி. இன்னொன்று.
சிவப்பு விலகி வழிவிட்டு
அவள் முதுகுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.
ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தோம்.
"கால் விறைக்குது," என்றாள். "நல்லா இருக்கு."

"பாரேன்," என்றார் மூத்த ஸ்கோகன், யாரையும் பார்க்காமல்.
"பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் இளையவர்.
அவ்வளவுதான். மறுபடி மௌனம்.

மூன்று மணிக்கு எண்ணினேன். இருபத்து இரண்டு.
மறுபடி எண்ணினேன், இந்தமுறை விரல் நீட்டி,
விரல் பட்டவர்கள் பள்ளிப் பிள்ளைகள்போல் நிமிர்ந்தார்கள்.
இருபத்து இரண்டு.
சன்னல் வழியே தெரிந்தது, அந்த வெள்ளைத் தலை,
சிவப்பின் நடுவே, இரண்டாம் முறை இறங்கியிருந்தாள்.
ஓட்டுநர் ஹாரனில் கை வைத்தார்.
"யாரோ கழிவறையில்," என்றேன். "பத்து நிமிடம்."
டெல்பர்ட் என்னைப் பார்த்தார்,
காட்டிக்கொடுக்கவில்லை.

திரும்பும் வழியில், ஒவ்வொரு பிரேக்குக்கும்
மார்வெலின் கோட்டுப் பையிலிருந்து பழங்கள்
நடைபாதையில் உருண்டோடின.
ஒன்றிரண்டு துள்ளின.
தூக்கத்திலேயே கால்களைத் தூக்கிக்கொண்டார்கள்.

ஊர் வந்தது. இருட்டும் வந்திருந்தது.
ஒவ்வொருவராய் இறக்கி எண்ணினேன், இருபத்து இரண்டு,
கடைசியாக அவள், படிக்கட்டின் கம்பியைப் பற்றியபடி,
ஒரு காலைக் காற்றில் தொங்கவிட்டு:

"என் தடி எங்கே, லோரீன்?
சீக்கிரம் கொடு, விழுந்து தொலைக்கப் போறேன்."