இடப்பக்கம் திரும்பும் குதிரை

பம்பு வாங்க வைத்திருந்த பணத்தில்
குதிரை வாங்கி வந்தான் தயாபரன்.
பந்தயத்தில் ஓய்ந்த பெண்குதிரை.
ஒரே வளைவில் ஓடி ஓடி
இடப்பக்கம் மட்டும்தான் திரும்பும்.

பாலிக் பூலாவில் மார்ச் வெயில்.
கிணற்றில் வாளி கல்லைத் தட்டுகிறது.
காலையில் ஆறு வாளி அதற்கு,
மிஞ்சினால் கத்திரிக்கு.
பயற்றங்கொடியின் முகத்தில்
நான் விழிப்பதே இல்லை.

சார்வினி பள்ளிவிட்டுச் சீருடையோடே ஓடுவாள்,
கங்கோங் தண்டை முதுகுக்குப் பின் ஒளித்து.
"அம்மா, இதன் மூக்கு
ரொட்டி சானாய் மாவு மாதிரி."
சிரித்துத் தொலைத்தேன்.

நேற்று கயிறு அவிழ்ந்துவிட்டது.
அரிசி கழுவிய தண்ணீரில்
நான் வளர்த்த வெண்டைப் பாத்தியை
இடப்பக்கமாகவே வட்டமடித்துத்
தின்று முடித்திருந்தது.
நாலு மூலையிலும் நாலு செடி மிச்சம்.

வாய் வலிக்கத் திட்டினேன்.
ரம்புத்தான் அடியில் லத்தி அள்ளிக்கொண்டே
"உரம்" என்றான் தயாபரன்.
அதற்குமேல் பேசவில்லை.
பேசியிருந்தால் மண்வெட்டி என் கையில் இருந்தது.

ராத்திரி இரண்டு மணிக்குத்
தகரத்தில் ஒரு துளி.
இன்னொன்று.
பிறகு எண்ண முடியவில்லை.

துணி எடுக்க ஓடியவள்
வேலியோரம் நின்றுவிட்டேன்.
மின்னலில் தெரிந்தது குதிரை,
கண்ணை மூடிக்கொண்டு,
முதுகிலிருந்து ஆவி எழ.

கொட்டகைக்கு இழுத்துப் போகவேண்டும்.
கொடியில் சார்வினியின் சீருடை
சொட்டுகிறது.
இன்னும் கொஞ்சம் நனையட்டும்,
மூவரும்.