அக்குளில் பேட்டரி

உலான்பாத்தரில் ஜனவரி.
மைனஸ் முப்பத்தொன்று.
கேமரா பேட்டரி ஆறு நிமிடத்தில் உயிர்விடும்.
ஆகவே என் வேலை:
வலது அக்குளில் இரண்டு, இடது அக்குளில் இரண்டு
அடைகாக்கும் கோழிபோல் வைத்துக்கொண்டு
நொமுண்டாரி "மாற்று" என்று சொல்லும்வரை
அசையாமல் நிற்பது.

பதினோரு ஆண்டு நின்றேன்.

அவள் முதலில் எழுதுகிறவள்.
ஒரு பாட்டுக்கு ஒன்றரைப் பக்கம்,
பெரும்பாலும் நூடுல்ஸ் கடை ரசீதுகளின் முதுகில்.
"ஒருவன் குளிர்சாதனப் பெட்டியைச் சுமந்துகொண்டு
உறைந்த ஆற்றைக் கடக்கிறான்.
ஏன் என்று கேட்காதீர்கள்."

கேட்டார்கள்.
பணம் போடுகிறவர்கள் ஏன் என்று கேட்டுவிட்டு
ஒரு காரும் நாலு பெண்களும் போதும் என்றார்கள்.
எழுதியவை இருநூற்றுப் பன்னிரண்டு.
எடுத்தவை நாற்பத்தொன்று.
அதில் கார் வருவது முப்பத்திரண்டில்.

குளிர்சாதனப் பெட்டியைச் சுமக்க ஒப்புக்கொண்டவன்
ஹுன்பிஷ் ஒருத்தன்தான்.
பேய் கண்வைக்கக் கூடாதென்று
'மனிதனில்லை' எனப் பெற்றோர் பெயரிட்ட பாடகன்.
மூட்டார் கழற்றிய பெட்டிதான்,
ஆனாலும் தூல் ஆற்றின் நடுவில்
முழங்கால் மடங்கி எங்கள் எல்லாரையும் திட்டினான்.

மெதுவாக நகரும் காட்சிக்கு ஒரு சூட்சுமம் உண்டு.
பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட வேண்டும்.
பாடகன் அதற்கு வாயசைக்க வேண்டும்,
அணில் கொறிப்பதுபோல.
பிறகு படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால்
உதடு பாட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும்,
உலகம் மட்டும் பாகில் விழுந்ததாய் நகரும்.
பனி யோசித்து யோசித்து இறங்கும்.
மூச்சு வாயைவிட்டுப் போக மனமில்லாமல்
மீசையில் உட்காரும்.

அந்த ஆண்டு பள்ளி மைதானங்களில்
பிள்ளைகள் அட்டைப்பெட்டி சுமந்து
மெதுவாக நடந்தார்கள்.

பிறகு அவளுக்கு நீளப் படம் எடுக்கும் ஆசை.
நாலு வருடம். வீட்டை விற்றாள்.
தொண்ணூற்றாறு நிமிடம்.
செவ்வாய்க்கிழமைக் காட்சிக்குப் பதினேழு டிக்கெட்,
அதில் இரண்டு நான் வாங்கியது.
நாலு நிமிடத்துக்கொரு முறை படம் முடிந்துவிடுகிறது
என்று எழுதினான் ஒருவன்.
வாசித்துவிட்டு வெந்நீரை ஊதிக் குடித்தாள்.
"சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.
அதற்குமேல் ஒரு ஆளை எனக்கு நம்பத் தெரியாது."

போன மாதம் நள்ளிரவில் போன்.
ஹுன்பிஷுக்கும் கம்பெனிக்கும் வழக்கு,
பாட்டைப் பிடுங்கிவிட்டார்களாம்.
படம் மட்டும் ஊமையாய் ஓடுகிறது, வா.

போனேன்.
சத்தமில்லாமல் ஆறு. சத்தமில்லாமல் அவன் வாய்.
பாட்டு இருந்தவரை யாரும் பார்க்காத
இடது ஓரத்தில், பதினோரு பிரேம்,
கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு உருவம்.
"உன்னை வெட்டியெறிந்துவிட்டதாகத்தான்
இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்" என்றாள்.

பார், அசையவே இல்லை என்றேன், பெருமையாக.

அவள் ஒன்றும் சொல்லாமல்
வேகத்தை இரண்டு மடங்காக்கினாள்.
அன்றைய நேரம் அன்றைய நடையில் வந்தது.
பனி சும்மா விழுந்தது.
ஹுன்பிஷ் அணிலாய்க் கொறித்தான்.
ஓரத்தில் நான்
உச்சி முதல் பாதம்வரை
நடுங்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பத் திரும்ப ஓட்டினாள்.
பிறகு ரசீது ஒன்றைத் தேடி எடுத்துத் திருப்பிப்போட்டு
எழுதத் தொடங்கினாள்,
நான் பார்க்காதபடி இடதுகையால் மறைத்துக்கொண்டு.

இப்போதைய பேட்டரிகள்
குளிரில் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டாள்.
ஒரு மணி நேரம் தாராளமாக என்றேன்.

"அப்படியென்றால் நீ எதற்கு?"

சிரித்தாள். நானும் சிரித்தேன்.
ஹீட்டர் ஓடுகிற அறையில்
கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு.