எழுநூறு எம்பி

புளியரைச் சோதனைச் சாவடிக்கு முன்னால்
லாரிகள் படுத்துக் கிடக்கும் வரிசையில்
பஞ்சர் கடைக்கும் புரோட்டாக் கடைக்கும் நடுவே
என் கடை. ஆறடிக்கு ஏழடி.

டூரிஸ்ட் பஸ் கிளீனர் பலவேசம்
பனியனுக்குள் இருந்து பென் டிரைவை எடுத்தான்.
பதினாறு ஜிபி. அதில் பதினைந்து
முதலாளி மகள் கல்யாணம். தொடக்கூடாது.
மிச்சம் எழுநூறு எம்பி.
இன்னொரு கையில் ஹார்ட் டிஸ்க்:
புனலூர்ப் பையன்கள் எடுத்த படம்,
இரண்டு மணி பன்னிரண்டு நிமிடம்,
முப்பத்தெட்டு ஜிபி.
"இத அதுக்குள்ள அடக்கணும்ணே. பாத்தா படமாத் தெரியணும்."

சும்மா இருக்கிற முகம் அதிகம் தின்னாது.
சுவரும் அப்படித்தான்.
அசையாததை எல்லாம்
'முன்போலவே' என்று ஒரு சொல்லில் எழுதிவிடலாம்.
தின்பது மழை.
ஒவ்வொரு துளியும் புதுசு,
ஒவ்வொரு பிரேமிலும் வேறிடம்.
அந்தப் படத்திலோ
முதல் காட்சியில் பிடித்த மழை விடவேயில்லை.
ஆரியங்காவு மழை.
கணவாய்க்கு இந்தப் பக்கத்துப் பொட்டலை எடுத்திருந்தால்
நானூறில் முடித்துக் கொடுத்திருப்பேன்.

அவசரத்தில் ஒரே ஓட்டமாய் ஓட்டினேன்.
மழை சதுரங்கக் கட்டமாய் இறங்கியது.
மலைமேல் மூடுபனி
சிமென்ட் படிபோல் அடுக்கடுக்காய் நின்றது.
கதாநாயகியின் மூக்கு கன்னத்தில் கரைந்திருந்தது.
பலவேசம் ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் கஷ்டமாக இருந்தது.

சரி, இரண்டு ஓட்டம்.
முதல் ஓட்டத்தில் இயந்திரம் படத்தை எழுதாது.
பார்க்கும். எங்கே பாடு, எங்கே சும்மா என்று
குறித்துக்கொள்ளும்.
அடுத்ததில்தான் பங்கு பிரிக்கும்.
உயரத்தை நானூற்றெண்பதாகக் குறைத்தேன்;
பஸ் டிவியே ரெண்டு சாண்.
ஒலியை நசுக்கினேன்;
இன்ஜின் இரைச்சலில் யாருக்குக் கேட்கப் போகிறது.
புதுவகைச் சுருக்கம் இன்னும் இறுக்கும்,
அந்தக் கிழட்டு டிவிக்கு அந்த முடிச்சு அவிழாது.
கடைசி எட்டு நிமிடம் கறுப்பில் பெயர்கள் ஓடும்.
அதற்கு யார் உட்கார்ந்திருப்பார்கள்?
அங்கே கையை இறுக்கி
மிச்சத்தை மழைக்குக் கொடுத்தேன்.

ஆறு மணி நேரம்.
நடுவில் கரண்ட் போனது;
யூபிஎஸ் குருவிக்குஞ்சாய்க் கத்திக்கத்தித் தாங்கியது.

விடிகாலை மூன்றரைக்கு வந்தான்.
மழையைப் பார்த்தான். மழையாக இருந்தது.
மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்
கடைசிக்கு இழுத்தான்.
வெள்ளை எறும்புகள் ஊர்ந்தன.
"நிறுத்துங்க. இன்னும் கொஞ்சம். இங்க."
நகம் வைத்த இடத்தில்
மலையாளத்தில் ஒரு வரி, குழைந்த கஞ்சி.
"கேமராவுக்குக் குடை பிடிச்சேன்ணே. பத்தொம்பது நாளு."

எனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது.
அவனுக்கும் தெரியாது.
அவன் பெயரின் கடைசியில்
ஒரு சின்ன வட்டம் வரும் என்று மட்டும்
யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.
அந்த வட்டத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

பஸ் கொல்லம் போய்த் திரும்புவதற்குள்
மறுபடி ஓட்டினேன்.
தூரத்து மழையிடம் கொஞ்சம் பிடுங்கி
பெயர்களுக்குப் போட்டேன். அவனிடம் சொல்லவில்லை.
அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு எம்பி.
வட்டம் வட்டமாக வந்தது.

குற்றாலம் தெரிந்ததுமே ஜனங்கள்
துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக இறங்கிவிடுகிறார்கள்.
டிரைவரிடம் எட்டு நிமிடம் கேட்டு வாங்கி
கடலைத்தோலைக் கூட்டிக்கொண்டே பார்க்கிறானாம்.
நேற்று போன் பண்ணினான்.
எழுத்து நல்லா இருக்காம்.
இன்ஜின் அணைந்த பிறகுதான் தெரிகிறதாம்,
பாட்டு தகரம் மாதிரி இருக்கிறதென்று.