இருபத்தொரு டிகிரி

நூற்று இருபத்தொன்று புள்ளி ஒன்று கிராம்.
ஏசிக் காற்றுப் பட்டால் தராசின் கடைசி இலக்கம் ஆடும்;
உடம்பால் மறைத்து நிற்கிறேன்.
வெள்ளைப் பொடி.
"சீனி என்று கோப்பியில் போட்டுவிடாதே"
என்பான் பூன் கியட், ஒவ்வொரு முறையும்.
ஒவ்வொரு முறையும் சிரித்திருக்கிறேன்,
போன வியாழன் வரை.

எண்ணூறு மில்லி நீர்.
பீக்கரின் அடியில் காந்தத்துண்டு சுற்ற
சுழியில் இறங்கிக் காணாமல் போகிறது டிரிஸ்.
மின்முனையைக் கழுவுகிறேன்.
துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும்,
புதுப்புண்ணைப் போல.
மஞ்சளில் ஏழு. நீலத்தில் பத்து.
மீட்டருக்குத் தன் நினைவு திரும்பியது.

பிறகு அமிலம்.
பத்திலிருந்து விறுவிறுவென்று இறங்கிய எண்
எட்டை நெருங்கியதும் அடம்பிடிக்கிறது.
ஊற்ற ஊற்ற வாங்கிக்கொள்கிறது
முகம் மாறாமல்.
பீக்கர் மட்டும் சூடாகிறது, கைக்குத் தெரியும்படி.
இந்தச் சூட்டில் மீட்டர் காட்டுவதை
அப்படியே எழுதினால் பொய்.
ஆற வேண்டும். அரைமணி.

சன்னலுக்கு வெளியே புவன விஸ்தாவில் மழை;
பாதி கட்டிடங்களைக் காணோம்.

ஆம்பூரில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல்
எனக்குத் தமிழில்தான்.
தாங்கல் கரைசல்.
அப்போது பரீட்சைக்கு மனப்பாடம் செய்த சொல்,
இந்த ஆறாவது மாடியில் வேறு யாருக்கும் தெரியாது.
தாங்கல் என்றால் சுமப்பது.
சின்ன ஏரிக்கும் அதுதான் பெயர்.
மனம் என்று முன்னால் ஒட்டினால்
மனத்தாங்கல்.
இதையெல்லாம் பூன் கியட்டுக்கு எப்படிச் சொல்வது?
நாங்கள் பேசியே ஐந்து நாளாகிறது.

வியாழக்கிழமை
அவனுடைய மூன்று வாரப் புரதம்
குளிரறையில், குழாய்க்குள்,
திரிந்த பாலாய் நின்றது.
புட்டியைத் தூக்கிவந்து
லேபிளில் என் எழுத்தை விரலால் தட்டினான்:
"யார் கலக்கியது?"
எல்லார் முன்னாலும்.
எல்லார் முன்னாலும் நானும் மீட்டரை வைத்தேன்.
எட்டு. எட்டென்றால் எட்டு.
நிமிர்ந்து பார்த்தேன். போய்விட்டான்.

ஜெயித்தவளுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.
வெள்ளியன்று எல்லாரும் போனபின்
தொளதொள ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு
அதே புட்டியோடு குளிரறைக்குள் உட்கார்ந்தேன்.
நாலு டிகிரி.
புட்டி குளிரட்டும் என்று காத்திருந்து அளந்தேன்.
எட்டுப் புள்ளி ஆறு.
அவனுடைய புரதம் மின்சுமை இழந்து
படுத்துவிடும் இடம், கிட்டத்தட்ட இலக்கம் மாறாமல்.

வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி மூடிக்கொண்டது.
துடைக்கத் தோன்றாமல் நடைபாதையில் நின்றேன்.
மேசையில் எட்டு, உண்மை.
உள்ளே எட்டு இல்லை, அதுவும் உண்மை.
நடுவில் இருபத்தொரு டிகிரி.
டிரிஸ் குளிரில் ஏறும் என்பது
எனக்குப் பதினோரு வருஷமாகத் தெரியும்.
லேபிளில் வெப்பநிலை எழுதாமல் விட்டது நான்.

ஆறிவிட்டது.
இன்று எட்டில் நிறுத்தவில்லை.
சொட்டுச் சொட்டாய் இன்னும் கீழே,
ஏழு புள்ளி நான்கு வரை.
இந்த மேசையில் இது தப்பான கரைசல்.
வேண்டுமென்றே தப்பு.
உள்ளே கொண்டுபோனால் தானே ஏறிக்கொள்ளும்.
ஒரு லிட்டர் கோடுவரை நீர் ஊற்றி
மஞ்சள் டேப்பில் எழுதுகிறேன்:
இங்கே 7.4, 25 டிகிரியில்.
அங்கே 8.0, நாலில்.
கீழே என் பெயரின் முதலெழுத்து.
'மன்னிக்கவும்' என்று எழுத டேப்பில் இடமிருந்தது.
எழுதவில்லை.
புட்டியை அவன் இருக்கைக்கு எதிரே வைத்துவிட்டு
ஒன்-நார்த்தில் ரயிலேறினேன்.

மறுநாள் காலை, ஆய்வகத்துக்கு வெளியே, என் மேசையில்
ஒரு கோப்பி-ஓ. மூடியில் மஞ்சள் டேப்:
"டிரிஸ் அல்ல. 60 டிகிரியில்."

தொட்டுப் பார்த்தேன்.
நாற்பதுகூட இருக்காது.
குடித்தேன்.