இருபத்து மூன்று விரதங்கள்

பெண்கள் வணிகக் கழகத்தின் பொருளாளர் நான்.
கணக்குக் கொப்பியின் முதல் பக்கத்தில்
பசை காய்ந்து சுருங்கிய தீர்மானம்:
'ஊர் வாங்காத கடைகளில்
நாங்கள் வாங்குவோம்.'
எழுதும்போது எல்லோருக்கும் பிடித்திருந்தது.
வாங்குவதற்கு மாசி மாதம் வரை எடுத்தது.

தொழில் வழிகாட்டல் நாளுக்கு
எண்பது சோத்துப் பார்சல்.
யாரிடம் என்று கேட்டபோது
மேசைக்கடியில் செருப்பைக் கழற்றி மாட்டிக்கொண்டே
தவறஞ்சினி என்றேன்.
தண்டவாளத்துக்கு அப்பால், குளக்கட்டு ஒழுங்கை,
காஸ் அடுப்பு மூன்று,
பதிவுச் சான்றிதழ் இருக்கிறது,
சுகாதாரப் பரிசோதகரின் கையெழுத்தும் இருக்கிறது.
எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் முகநூல் என்று சொல்ல
ஆயத்தமாக இருந்தேன்.

சுவரொட்டிக்கு அவளுடைய கதை வேண்டும் என்றாள்
தலைவி மதுராங்கி.
பட்ட அவமானம், பிறகு எழுச்சி,
ஒரு படம், முடிந்தால் கண் கலங்கினபடி.
தொலைபேசியில் தவறஞ்சினி சொன்னாள்:
'கதையை விடுங்கோ பிள்ளை.
முற்பணம் அரைவாசி போடுங்கோ.
நாளைக்குக் கோழி விலை ஏறும்.'
பதினெட்டாயிரம் போட்டேன்.
சுவரொட்டியில் கோழிக்கறியின் படம்தான் வந்தது.

புதன்கிழமை. பன்னிரண்டே கால்.
ஆட்டோவின் பின் சீற்றில் பெட்டிகள்.
வாட்டின வாழையிலை மணம்
எங்களுக்கு முன்னே மண்டபத்துக்குள் போனது.
அவள் பற்றுச்சீட்டை நீட்டினாள்.
ஒரே குழாயில் என்னோடு தண்ணீர் பிடித்தவள்,
வெள்ளத்துக்கு ஒரே பள்ளிக்கூடத்தில்
ஒரே பாயில் படுத்தெழும்பியவள்,
முன்பின் தெரியாத ஆள் போல
'இதிலை ஒருக்கா கையெழுத்து வையுங்கோ மிஸ்' என்றாள்.
மிஸ்.
அந்தச் சொல்லை எந்தப் பத்தியில் பதிவது,
வரவிலா செலவிலா,
இன்னும் தெரியவில்லை.

கொழும்பிலிருந்து வந்தவர்கள்
விரல் சூப்பிச் சாப்பிட்டார்கள்.
எங்கட ஆக்களில்
இருபத்து மூன்று பேருக்கு அன்றைக்கு விரதம்.
புதன்கிழமையில்.
எந்தச் சாமிக்கு என்று கேட்கக்
கழக யாப்பில் இடமில்லை.

மதுராங்கிக்கு முகம் சிவந்தது.
ஒரு பார்சலை முடித்துவிட்டு
இரண்டாவதை அவிழ்த்தாள்,
மேடைக்கு நேரே, எல்லோரும் பார்க்க.
வயிறு கொள்ளவில்லை, கண்ணில் தெரிந்தது.
சுவரொட்டிக்காக அவளை மன்னித்தேன்.

மிச்சம் இருபத்திரண்டைக்
காவலாளிகளும் நூலகத்து ஆக்களும் கொண்டுபோனார்கள்.
முழுத்தொகையும் கொடுத்தாயிற்று என்று எழுதினேன்.
விரதங்களுக்குத் தனிப் பத்தி போட்டு,
வெட்டி,
வெட்டினதன் மேலேயே திரும்ப எழுதினேன்.

பின்னேரம் ஒத்திகை நேர்முகத்தேர்வு.
உங்கள் பலம் எது, பலவீனம் எது,
ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்,
எல்லாவற்றுக்கும் பதில் பழகினோம்.
ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் பழக்கவில்லை.

அது சித்திரையில் வந்தது,
வங்கியின் குளிர் அறையில்,
மிக அன்பாக, கோப்பை மூடிய பிறகு:
'பிள்ளை எந்த ஊர்?'
சொன்னேன்.
'ஊரிலை எவடம்?'

கோயிலுக்குக் கிட்ட என்று சொல்லலாம்.
எல்லா இடமும் ஏதோவொரு கோயிலுக்குக் கிட்டத்தான்.
அக்கா அப்படிச் சொல்லித்தான் வேலை எடுத்தாள்.
இன்றுவரை கந்தோர்ச் சிநேகிதி ஒருத்தியையும்
வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

'தவறஞ்சினி சாப்பாட்டுக் கடை தெரியுமோ சேர்?
அதுக்கு இரண்டாவது வீடு.
எங்கட கழகம் மாதம் ஒருக்கா அங்கைதான் எடுக்கிறது.
எண்பது பார்சலுக்கு மேலை எண்டால் பத்து வீதம் கழிவு.'

மாதம் ஒருக்கா என்பது
ஒரு பொருளாளர் சொல்லக் கூடாத பொய்.
அதை மெய்யாக்க
அடுத்த கூட்டம் வரை நேரம் இருந்தது.

அவர் பேனையைத் திறந்தார்.
எதையோ குறித்தார்.
என் பெயருக்கு எதிரேயா,
கடையின் பெயரையா,
தலைகீழாக வாசிக்கப் பார்த்தேன்.
குளிரூட்டியின் காற்றில்
தாள் ஒருமுறை எழும்பிப் படிந்தது.